எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள்?

சீனிக்கு, கொழுப்புக்கு என்று சொல்லி நழுவ வேண்டாம். அதை எங்கள் ஊரில் எல்லோரும் சோதிக்கிறார்கள். நான் கேட்பது மற்றதை. மற்றது என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்திருப்பதில் நான்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை, அதனால் உங்களைப் பிழை சொல்லவில்லை.

வீடு உடுப்பிட்டி. அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வருவார். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று பின்னேரம், பக்கத்து வீட்டு மாமியோடு வேலிக்கு மேலால் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

“எனக்கு நூற்றி முப்பத்தெட்டு. உங்களுக்கு?”

“நூற்றி எழுபதெல்லே! கலியாண வீட்டிலை ரெண்டு லட்டுத்தான் சாப்பிட்டனான்.”

“ரெண்டோ? நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

யாருக்குச் சீனி, யாருக்குப் பிறசர் என்று கோயில் வீதியில் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். மூலத்தைப் பற்றிக்கூட வெட்கமில்லாமல் கதைப்பார்கள். அந்த ஒரு சோதனையை மட்டும் எவரும் கதைத்து நான் கேட்டதில்லை. எனக்கு இருபத்தைந்து வயது. பட்டதாரி. அப்படி ஒரு டெஸ்டை நான் எடுக்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறியதே இல்லை. அதை எடுப்பவர்கள் ஒரு மாதிரியான ஆட்கள். நான் ஒரு மாதிரியான ஆள் இல்லை. அவ்வளவுதான் என் தர்க்கம்.

கொழும்பில் ஆறு மாதம் வேலை செய்தேன். அதே அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணோடு அந்த ஆறு மாதமும் இருந்தேன். அவளுடைய ஊர் அச்சுவேலி. எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன பஸ் பயணம்தான், ஆனால் ஊரில் நாங்கள் ஒரு ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைந்திருந்தால் கோப்பை மேசைக்கு வருவதற்கு முன்னரே அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும். கொழும்பில் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழகத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாளைக்கு அரைநாள் லீவு, கிளினிக் போகிறேன் என்றாள். ஏதோ பல்லுப் பிடுங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்லா டெஸ்டும் எடுக்கிறனான். நீரும் வாருமன்.”

“எனக்கென்ன வருத்தமே?”

“வருத்தம் வந்தாப் பிறகு போறதுக்குப் பேர் வைத்தியம். உம்மடை பைக்கை நிண்டாப் பிறகுதானோ சேர்விசுக்கு விடுறனீர்?”

“பைக் ஓடுது. அதாலை விடுறன்.”

“நீர் ஓடேல்லையோ?”

பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். நான் போகவில்லை. சிரித்து முடிந்தபின் நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதே பொய். ‘இவள் ஏன் போகிறாள்? அப்படியென்றால் எனக்கு முன்னால் எத்தனை பேர்?’ இதுதான் நினைத்தேன். அவள் அடுத்த நாள் வந்து, எல்லாம் கிளியர், வாரும் பிளேன்ரீ குடிப்பம் என்றாள். எனக்கு முகம் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது.

பிறகு சுன்னாகத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வந்தேன். போன் கதை ஒரு மணித்தியாலம், அரை மணித்தியாலம், ‘சாப்பிட்டீரோ’ என்று குறைந்துகொண்டே போய் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை.

வந்து ஒன்றரை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய செய்தி வந்தது.

“எனக்கு சிபிலிஸ் பொசிட்டிவ் எண்டு வந்திருக்கு. மற்றது ஒண்டும் இல்லை. ஊசி போட்டாச்சு. மாறுற வருத்தம்தான், பயப்பிடாதையும். நீரும் கட்டாயம் போய் எடும். இதை மட்டுமில்லை, எல்லாத்தையும் எடும். ஒத்திப்போடாதையும்.”

நான் செய்த முதல் வேலை, அவளை ப்ளொக் பண்ணியது.

இரண்டாவது, கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு போனில் தேடியது. பழைய ஆட்கள் மேகவருத்தம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது இதைத்தான். முதலில் நோகாத ஒரு புண் வரும், தானாகவே ஆறிப்போகும், பிறகு பலருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும், மற்றவருக்கும் போகும் என்று போட்டிருந்தது. நோகாத புண். எனக்கு வந்தது. அவளோடு பழகத் தொடங்கிய நாட்களில் வந்தது. ஷேவ் பண்ணும்போது வெட்டியது என்று நினைத்து ஏதோ ஒரு களிம்பைப் பூசிவிட்டு மறந்துபோனேன்.

சோற்றுப் பார்சலை அப்படியே திரும்பச் சுற்றி வைத்தேன்.

பாலியல் நோய்க் கிளினிக் யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரி வளவுக்குள் இருக்கிறது என்று போன் சொன்னது. அங்கேதான் பிரச்சினை. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை அங்கே நேர்ஸ். என்னோடு படித்தவன் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில். லட்டுச் சாப்பிட்ட மாமியின் மருமகன் மருந்து கொடுக்கும் யன்னலில். அந்த வளவுக்குள் நான் தும்மினாலே உடுப்பிட்டியில் கேட்கும். தனியார் லாப்புக்குப் போகலாம் என்றால், எங்கள் பக்கத்து லாப்பில் ரிப்போர்ட்டை அடித்துத் தருவது எங்கள் கழகத்துப் பெடியன் ஒருவனின் தங்கை.

ஒரு கிழமை இப்படியே போனது. காலையில் எழும்பினால் முதலில் உள்ளங்கையைப் பார்ப்பேன். தடிப்பு வரும் என்று போட்டிருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இளவயதில் யாராவது இறந்தால் ஆண்டு நினைவு நாளில் கழகம் இரத்ததானம் வைக்கும். எங்கள் உதைபந்தாட்டக் கழகத் தலைவர் நாலு வருடத்துக்கு முன்னர் பைக் விபத்தில் செத்துப்போனார். ஒவ்வொரு வருடமும் சனசமூக நிலையத்தில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு, கட்டில் போட்டு, பெடியள் வரிசையாகப் படுப்போம். பக்கத்து ஊர்க் கழகமும் வைக்கும். யார் கூடப் பை எடுத்தது என்பது உதைபந்தாட்டத்தைவிடப் பெரிய போட்டி. இதில் எனக்குத் தனி மரியாதை. நான் ஓ நெகட்டிவ். அந்த இரத்தம் லேசில் கிடைக்காது. ஊரில் என் பெயர் தெரியாதவர்களுக்கும் என் குறூப் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு நாள். இரத்த வங்கி எல்லாப் பையையும் சோதிக்கும். பிழை என்றால் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நான் கிளீன். கிளினிக் வேண்டாம், மாமியின் மருமகன் வேண்டாம், ஒருவருக்கும் முகம் காட்டத் தேவையில்லை, அதற்கு மேல் ஒரு பிஸ்கட் பக்கெற்றும் தருவார்கள். பல்கலைக்கழகம் வரை போன மண்டை கண்டுபிடித்த வழி இது.

வாசலில் மேசை போட்டுக்கொண்டு இருந்தவன் கழகச் செயலாளர். என் உயிர்ச் சினேகிதன். கொடுப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீளமான படிவம். மஞ்சட் காமாலை வந்ததா, பச்சை குத்தினீர்களா, இன்ன இன்ன உறவு இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கும், பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டி. எங்கள் ஆட்கள் அதை வாசிப்பதில்லை. வரிசை நீண்டால் வந்தவன் வீட்டுக்குப் போய்விடுவான், பை குறையும். அதனால் செயலாளரே முதல்நாள் உட்கார்ந்து எல்லாப் படிவத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று வரிசையாகச் சரி போட்டு அடுக்கி வைத்துவிடுவான். வருகிறவன் பெயரையும் கையெழுத்தையும் போட்டால் போதும். நாலு வருடமாக இப்படித்தான். எனக்கும் தெரியும். நானும் ஒரு வருடம் அவனோடு இருந்து சரி போட்டிருக்கிறேன்.

“கெதியாக் கையெழுத்தை வை மச்சான். போனமுறை உவங்கள் எங்களைவிட ஆறு பை கூட.”

“வாசிக்க வேண்டாமோ?”

“என்னத்தை வாசிக்கிறது? நீ என்ன, பொம்பிளை பாக்கப் போறியே? வை.”

வைத்தேன்.

அவனுடைய அக்காவும் அங்கே வந்திருந்தார். எட்டரை மாத வயிறு. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அவரும் ஓ நெகட்டிவ். ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் அந்தக் குறூப் என்பதால் சின்ன வயதிலிருந்தே ஒரு நக்கல் உறவு. கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“டேய் கள்ளா, வடிவாக் குடு. எனக்குத்தான் அது வரும்.”

“உங்களுக்கு வேண்டாமக்கா. என்ரை ரத்தம் சரியில்லை.”

“ஓமோம், உன்ரை ரத்தம் ஏறினா என்ரை பிள்ளையும் உன்னை மாதிரி வாய்க்காரனாத்தான் வரும். பரவாயில்லை, குடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கட்டிலுக்குப் போவதற்கு முன்னர், போர்வையால் மறைத்த ஒரு மூலையில் இரத்த வங்கி டொக்டர் ஒருவர் தனியாகக் கேட்பார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதெல்லாம் வாசிச்சுத்தான் கையெழுத்து வைச்சனீங்களோ தம்பி?”

“ஓம்.”

“ஏதும் சொல்ல வேணுமெண்டால் இஞ்சை சொல்லலாம். வெளியிலை போகாது.”

போர்வைக்கு அந்தப் பக்கம் இரண்டு அடியில் செயலாளரின் குரல், அடுத்த ஆள் வா, அடுத்த ஆள் வா என்று. டொக்டர் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருந்தது அதிகம் போனால் ஐந்து வினாடி.

“ஒண்டுமில்லை மிஸ்.”

படுத்தேன். பை நிறைந்தது.

திங்கட்கிழமை. சுன்னாகத்தில் வேலையில் இருந்தேன். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. இரத்த வங்கிதான் என்று நினைத்து எடுக்கப் பயந்தேன். செயலாளர்.

“மச்சான், அக்காவை அட்மிட் பண்ணியாச்சு. விடிய இருந்து ரத்தம் போகுதாம். மூண்டு மணிக்குப் பிள்ளையை வெட்டி எடுக்கப் போகினம்.” மூச்சு வாங்கினான். “ரத்தம் வேணுமெண்டு டொக்டர்மார் சொல்லுகினம். நான் சொன்னனான், நேற்று என்ரை சினேகிதன் குடுத்தவன், அதே குறூப், அங்கைதான் கிடக்கு எண்டு. நீ குடுத்தது நல்லதாப் போச்சடா.”

“அது... அது இப்ப எங்கை இருக்கு?”

“வங்கியிலைதான். ஏன்?”

“ஒண்டுமில்லை.”

போனை வைத்துவிட்டுத் தேடினேன். தொற்றிய உடனே சில வருத்தங்கள் டெஸ்டில் காட்டாது, இடையில் ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலத்தில் டெஸ்ட் இல்லை என்று சொல்லும், ஆனால் இரத்தத்தில் இருக்கும். இதை நான் ஒரு கிழமைக்கு முன்னரே வாசித்திருக்க வேண்டும். வாசித்தேன் என்றுகூட நினைக்கிறேன். எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். ‘இன்ன உறவு இருந்ததா’ என்று படிவத்தில் கேட்பது இதற்காகத்தான்.

இரத்த வங்கிக்கு அடித்தேன். லைன் பிசி. திரும்ப அடித்தேன். பிசி. மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன்.

வழியில் மருதனார்மடத்தில் நின்று ஒருமுறை அடித்தேன். பிசி. இணுவில் தாண்டி ஒருமுறை. எடுத்தார்கள். எடுத்தவர் ஒரு ஆண்பிள்ளை. “நேற்றுக் குடுத்த ரத்தம்...” என்று தொடங்கினேன். பக்கத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி போனது. “சத்தமாக் கதையுங்கோ!” என்றார். நடுவீதியில் நின்று சத்தமாகக் கதைக்கிற விஷயமா இது? வைத்துவிட்டேன். அந்த ஒரு வினாடி வெட்கத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

ஆஸ்பத்திரிக்குள் ஓடும்போது மணி ஒன்றரை. இரத்த வங்கிக்குத் திரும்பும் நடையில் செயலாளர் நின்றான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டான்.

“எனக்குத் தெரியுமடா நீ வருவாய் எண்டு. ஆனா நேற்றுத்தானே குடுத்தனி, இண்டைக்குத் திரும்ப எடுக்க மாட்டினம்.”

“நான் டொக்டரைப் பாக்க வேணும்.”

“வா, நானும் வாறன்.”

“நீ வேண்டாம்.”

“ஏன்ரா?”

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதே டொக்டர். அதே மாதிரி நிமிர்ந்து பார்த்தார். ஒரு கிழமையாக நான் தப்பி ஓடிய வசனத்தை நின்றபடியே சொல்லி முடித்தேன். பெண், செய்தி, ப்ளொக், யோசனை, பொய். முழுவதும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இருங்கோ,” என்றார். கணினியில் ஏதோ அடித்தார். உள்ளே ஒருவருக்குப் போன் எடுத்து என் பையின் இலக்கத்தைச் சொன்னார். காத்திருந்தார். சுவரில் மணிக்கூட்டு முள் நடக்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே அவனுடைய செருப்புச் சத்தம், இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி.

“ம்... ஓம். ஒதுக்கி வையுங்கோ. ஓம், பாவிக்கிறேல்லை.” போனை வைத்தார். “ரிசல்ட் வராமல் ஒரு பையும் இஞ்சையிருந்து வெளியிலை போகாது. உங்கடை பை இன்னும் உள்ளைதான்.”

கதிரையை இழுத்து இருந்தேன்.

“ஆனா ரிசல்ட் மட்டும் காணாது தம்பி. தொற்றின புதிசிலை மிசினுக்குத் தெரியாது. அந்த நேரம் எங்களுக்கு உள்ள ஒரே டெஸ்ட், நீங்கள் வாயாலை சொல்லுறதுதான். நேற்று உங்களைத் தனியாக் கேட்டனான்.”

“ஓம்.”

“எங்களை வைச்சு உங்கடை டெஸ்டை முடிக்கப் பாத்தனீங்கள். அதுக்கெண்டு இடம் இருக்கு. இதே வளவுக்குள்ளை. காசில்லை. இஞ்சை இருந்து அங்கை நடக்க அஞ்சு நிமிசம்.”

அவர் நேற்றைய படிவக் கட்டை இழுத்து என்னுடையதைத் தேடினார். தேடும்போது கை மெதுவானது. ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார். பிறகு கட்டு முழுவதையும் விரித்தார்.

“இந்தச் சரி எல்லாம் ஒரே ஆள் போட்டது.”

இன்னொரு படிவத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆர் போட்டது?”

கதவுக்கு வெளியே நாலு அடி இந்தப் பக்கம், நாலு அடி அந்தப் பக்கம்.

“கழகத்திலை... நேரம் மிச்சப்படுத்த... முதலே போட்டு வைக்கிறனாங்கள்.”

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். நேற்று வந்த எல்லோரையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கேட்க வேண்டும், அதுவரை அந்தக் கட்டிலுள்ள ஒரு பையையும் எடுக்க முடியாது என்றார். ஓ நெகட்டிவ் கையிருப்பில் வேறு ஒரு பை மட்டும் இருந்தது. இன்னொன்றுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நான் வெளியே வரும்போது அவர் இன்னும் போனில்தான் இருந்தார்.

“என்னவாம்?” செயலாளர் ஓடிவந்தான். “உன்ரை ரத்தத்தை எப்ப ஏத்துவினமாம்?”

“என்ரைதை ஏத்த மாட்டினம்.”

“ஏன்?”

அவனைச் சைக்கிள் விடும் இடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தான். “பகிடி விடாதை, உதுக்கு இப்ப நேரமில்லை.” நான் சிரிக்கவில்லை. அவனுடைய முகம் மாறியது. என் சேட்டுக் கொலரைப் பிடித்தான்.

“அது அக்காடா.”

“தெரியும்.”

“தெரிஞ்சோ குடுத்தனி? மூதேசி! ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருந்தா உன்னைக் கட்டிலிலை படுக்க விட்டிருப்பனே?”

“ஒரு கேள்வி நீ என்னட்டைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நீதானே எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு போட்டு வைச்சிருந்தனி.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பொய்யும்கூட. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், டொக்டர் கேட்டார்தானே. ஆனால் அவன் பிடியை விட்டுவிட்டான். தன் கையைப் பார்த்தான், அந்தக் கையால்தான் சரி போட்டவன். பிறகு, “டொக்டருக்குத் தெரியுமோ?” என்று கேட்டான்.

“ஓம். எல்லாரையும் திருப்பிக் கேக்க வேணுமாம்.”

அவன் இரத்த வங்கிப் பக்கம் போனான். நான் அங்கேயே நின்றேன். மூன்று மணி. மூன்றரை. நாலு மணிக்குப் பிறகு அவன் ஸ்டேட்டஸில் ஒரு சின்னக் காலின் படம் போட்டிருந்தான். பெண்பிள்ளை. அக்காவுக்குக் கையிருப்பில் இருந்த பையே போதுமாக இருந்தது என்று பிறகுதான் வேறொருவரிடம் கேட்டு அறிந்தேன். அவன் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை கிளினிக்குக்குப் போனேன். தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசல்வரை போனேன், பிறகு அது இன்னும் கேவலமாக இருக்கிறது என்று கழற்றினேன். ஒருவரும் பார்க்கவில்லை. சுவரோரம் போட்ட நீள வாங்கில் ஒரு சாரம் கட்டிய ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி ஒரு போனில் இரண்டு பேரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு இலக்கம் தந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள். இரத்தம் எடுத்த நேர்ஸ் மிஸ், “வெங்காயம் என்ன விலை?” என்று கேட்கும் அதே குரலில், யாரோடு, எப்போது, ஆணுறை பாவித்தீர்களா என்று கேட்டார். நானும் கிட்டத்தட்ட அதே குரலில் சொன்னேன்.

சிபிலிஸ் பொசிட்டிவ். எச்.ஐ.வி. இல்லை. மற்றவையும் இல்லை.

“ஆரோடையெல்லாம் எண்டு வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றார் மிஸ். “ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு வழக்குப் பேச இல்லை. அவைக்கும் மருந்து போக வேணும்.”

யோசித்தேன். கம்பஸ் முடிந்த கையோடு நண்பர்களோடு போன ஒரு பயணம், அங்கே ஒரு ஆள், ஒருமுறை. அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு புண். அதற்குள் அவளோடு பழகத் தொடங்கிவிட்டேன். அவள் அப்போது எடுத்த டெஸ்ட் கிளியர். ஆறு மாதத்தில் எடுத்தது பொசிட்டிவ். இடையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

நான் கொடுத்தது. அவளுக்கு இது தெரிந்திருக்கும். செய்தி அனுப்பும்போதே தெரிந்திருக்கும். அதில் ஒரு வரியில்கூட அதை எழுதவில்லை.

ஊசி இரண்டு பக்கமும் போட்டார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வீட்டில் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

“ஏன்ரா நிண்டுகொண்டு சாப்பிடுறாய்?” என்றார் அம்மா.

“பைக்காலை சறுக்கிப் போனன்.”

“எங்கை, காட்டு.”

“அம்மா!”

(அம்மா, இதை வாசித்தால் வாசித்ததோடு நிற்கட்டும். வேலிக்கு மேலால் வேண்டாம்.)

அன்று பின்னேரம் அவளை அன்ப்ளொக் பண்ணிப் போன் எடுத்தேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவது மணியடிப்பில் எடுத்தாள்.

“எடுத்தீரோ?” அதுதான் முதல் கேள்வி.

“ஓம். பொசிட்டிவ். ஊசி போட்டாச்சு.”

“நல்லது.”

“என்னாலைதான் உமக்கு...”

“தெரியும்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீர் போயிருப்பீரோ? சொல்லாமலே ப்ளொக் பண்ணினீர். நீர் ப்ளொக் பண்ணின அண்டைக்கு நான் ஊசி போட்டிட்டு பஸ்ஸிலை வெள்ளவத்தை மட்டும் நிண்டுகொண்டு வந்தனான். சீற் இருந்தது. இருக்க ஏலாது. உமக்குத்தான் மெசேஜ் அடிச்சுக்கொண்டு நிண்டனான், மருந்து ஈஸி, பயப்பிடாதையும் எண்டு. அது ஒரு ரிக்கோடை நிண்டு போச்சு, உமக்கு வரேல்லை.”

நான் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். ‘சரி’ என்பதற்கும் ‘மன்னித்துவிட்டேன்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை நான். அந்தப் பயணத்து ஆளுக்கும் தேடிப்பிடித்துச் செய்தி போட்டேன். பார்த்ததாகக் காட்டியது. பதில் இல்லை. அவளுடைய செய்தி வந்தபோது நான் இருந்த இடத்தில் இப்போது அந்த ஆள் இருக்கக்கூடும்.

கழகத்தில் பெரிய கலவரம். இரத்த வங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் போனது. ஏன் என்று எல்லோரும் செயலாளரிடம் பாய்ந்தார்கள். அவன், “படிவம் நான் பிழையா நிரப்பிப் போட்டன், என்ரை பிழை,” என்று மட்டும் சொன்னான். பக்கத்து ஊர்க் கழகம் நாங்கள் கொடுத்த இரத்தத்தை நாங்களே திருப்பிக் கேட்டதாகக் கதை கட்டிச் சிரித்தது. என் பெயர் எங்கேயும் வரவில்லை. அவன் எனக்காகச் செய்தான் என்று சொல்ல முடியாது, என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டவன். மைதானத்தில் பந்தைக்கூட எனக்குத் தரமாட்டான்.

கிளினிக்கில் மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். மருந்து வேலை செய்ததா, இரத்தத்தில் அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று நானே சொன்னேன். மிஸ் அதை ஒரு அட்டையில் எழுதித் தந்தார். அம்மாவின் சீனி அட்டை மாதிரியே இருக்கிறது, நிறம்தான் வேறு.

இன்று அந்த மூன்றாம் மாதம். கிளினிக் வாங்கில் இருந்துதான் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் வாங்கு குலுங்குவதுதான் காரணம், பக்கத்தில் இருப்பவர் காலை ஆட்டுகிறார். இன்று இறங்கியிருக்காவிட்டால் மறுபடியும் ஊசி. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம், மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக, செயலாளரிடமிருந்து செய்தி வந்தது.

“அந்தக் கிளினிக் எத்தினை மணிக்குத் திறக்கிறது”

“எட்டு. எனக்கும் நாளைக்குத்தான் திகதி. ஏன்?”

“சும்மா”

“சும்மாவுக்கும் எட்டு மணிதான்.”

ரொம்ப நேரம் ‘தட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று காட்டியது. அழித்து அழித்து அடித்திருக்கிறான்.

“பேர் கேப்பினமோ”

“கேப்பினம். பிறகு நம்பராலைதான் கூப்பிடுவினம்.”

“நாளைக்கு நீ அங்கைதானே. நானும் வாறன். ஆருக்கும் சொன்னியோ கொல்லுவன்”

இப்போது எட்டே முக்கால். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். அவன் இன்னும் வரவில்லை.